ஒஸ்லோவில் இருக்கும் மகளுக்கு, ஜிம் ரீவ்ஸ் பற்றி

அன்பு மகளுக்கு,

நீ வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் ஒரு நோர்வேக் கிழவர் ஜிம் ரீவ்ஸ் பாட்டைப் போடச் சொல்லி அடம்பிடிக்கிறார் என்றாய். அப்பாவின் பாட்டுக்காரர் அங்கே எப்படி வந்தார் என்றும் கேட்டாய். தொலைபேசியில் சொல்லத் தொடங்கினால் அம்மா பேச்சை மாற்றிவிடுவாள். அதனால் எழுதுகிறேன்.

ஒஸ்லோவை விடு, யாழ்ப்பாணத்துக்கே அவர் எப்படி வந்தார்? டெக்சாஸ் மாநிலத்தின் காலோவே என்ற சிற்றூரில் 1923இல் பிறந்தவர். பேஸ்பால் ஆட்டக்காரராக வரவேண்டியவர். காயம் பட்டு அது கைகூடாமல் போகவே, வானொலி அறிவிப்பாளரானார். அவர் வெற்றியில் பாதி அந்த வேலை கொடுத்தது என்பது என் கணிப்பு. சொல்லை மென்று விழுங்கமாட்டார். மற்ற அமெரிக்கப் பாடகர்கள் பாடினால் மெட்டு மட்டும்தான் எங்களுக்குப் பிடிபடும். ரேடியோ சிலோனில் இவர் குரல் வந்தால், பள்ளிக்கூட ஆங்கிலத்தோடு நின்றுவிட்டவனும் கூடவே பாடுவான்.

மீதிப் பாதி அந்தத் தாழ்ந்த குரல். 1959இன் கடைசியில் வந்த 'ஹீ'ல் ஹேவ் டு கோ'வையே எடுத்துக்கொள். மதுக்கடையில் நின்று ஒருவன் காதலிக்குத் தொலைபேசியில் பேசுகிறான். அவள் பக்கத்தில் வேறொருவன் இருக்கிறான். இன்னொரு பாடகராக இருந்தால் இந்த இடத்தில் கத்தியிருப்பார், இல்லையேல் அழுதிருப்பார். இவரோ வரி முடிய முடியக் குரலை இன்னும் கீழே இறக்குகிறார். மானமும் போகவில்லை, ஆசையும் மறையவில்லை. கன்ட்ரி என்று அமெரிக்காவில் சொல்லும் நாட்டுப்புறப் பாணிப் பாடல்களின் தரவரிசைப் பட்டியலில் அந்தப் பாட்டு 14 வாரம் முதலிடத்தில் இருந்தது.

தயாரிப்பாளர் செட் அட்கின்ஸோடு சேர்ந்து கிராமத்துப் பாணியில் வாசிக்கும் ஒற்றை வயலினான ஃபிடிலையும் ஸ்டீல் கிதாரையும் ஒதுக்கிவிட்டு, வயலின் கூட்டத்தையும் பின்பாட்டுக் குரல்களையும் கொண்டுவந்தார். கன்ட்ரி இசையின் மண்ணைக் கழுவிவிட்டார்கள் என்று பழைய ரசிகர்கள் முணுமுணுத்தார்கள். அதில் நியாயம் உண்டு. ஆனால் கழுவாத பாட்டு இவ்வளவு தூரம் வந்திருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

1964 ஏப்ரலில் ஒஸ்லோவில் அவர் பாடிய கச்சேரியை நோர்வேத் தொலைக்காட்சி படம்பிடித்தது. உன் கிழவர் அப்போது இளைஞராக இருந்திருப்பார். தென்னாபிரிக்காவுக்கும் போய் ஆப்பிரிக்கான்ஸ் மொழியிலேயே பாடினார். நிறவெறி ஆட்சி நடந்த காலம் அது. அந்த இடம் எனக்கு இன்றும் நெருடுகிறது. அதே மனிதரை நைஜீரியாவிலும் கென்யாவிலும் தங்கள் வீட்டு ஆள் போலக் கொண்டாடினார்கள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். பக்திப் பாடல்களும் நத்தார்ப் பாடல்களும் அதற்குப் பெரிய காரணம். இங்கேயும் நத்தார் வந்தால் அவர் குரல் கேட்காத கடைத்தெரு உண்டா?

அதே ஆண்டு ஜூலை 31இல், தானே ஓட்டிய சிறு விமானம் நாஷ்வில் அருகே மழையில் விழுந்து இறந்துபோனார். வயது 40. மனைவி மேரி, கைவசம் இருந்த ஒலிப்பதிவுகளை ஒவ்வொன்றாக வெளியிட்டார். 1966இல் 'டிஸ்டன்ட் டிரம்ஸ்' பிரிட்டனில் முதலிடம் பிடித்தது.

மருமகன் இதைத் தூங்கவைக்கும் பாட்டு என்று சிரிக்கிறாராம். 1953இல் வந்த 'மெக்சிகன் ஜோ'வை முதலில் போட்டுக் காட்டு. உரத்த குரலில் துள்ளிக்கொண்டு பாடுவார். அடுத்து 1957இன் 'ஃபோர் வால்ஸ்'. ஒலிவாங்கிக்கு அருகில் உதட்டைக் கொண்டுபோய், குரலைத் தணித்துப் பாடியது. இரண்டையும் பாடியவர் ஒருவர்தான் என்று அவர் நம்புகிறாரா, கேட்டு எழுது.

அன்புடன்,
அப்பா