சீட் உயர வேண்டுமென்றால் டாப் வேரியன்ட்தான் வாங்க வேண்டுமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

உங்கள் நாளிதழில் வாரம் ஒருமுறை வரும் வாகனப் பக்கத்தை விடாமல் படிக்கிறவள் நான். புது வண்டியின் நீளம், அகலம், டிக்கி எத்தனை லிட்டர், டச் ஸ்கிரீன் எத்தனை அங்குலம் என்று எல்லாம் போடுகிறீர்கள். 4 அடி 9 அங்குலம் உயரமுள்ள ஒருத்தி அதில் உட்கார்ந்தால் ரோடு தெரியுமா என்று மட்டும் இதுவரை எழுதக் காணோம். அந்த ஒருத்தி நான்தான்.

பெரியபட்டினத்தில் தையல்கடை வைத்திருக்கிறேன். கணவர் கத்தாரில் இருக்கிறார். மாமியை மாதம் இரண்டு முறை ராமநாதபுரத்துக்கு டாக்டரிடம் கூட்டிப் போக வேண்டும். லைனிங் துணி, ஜிப், நூல் வாங்க எனக்கு மதுரை போக வேண்டும். ஒவ்வொரு தடவையும் வாடகை வண்டிக்குக் கொடுத்துக் கட்டுப்படியாகாமல் 43 வயதில் கார் ஓட்டக் கற்றுக்கொண்டேன். கற்றுக்கொடுத்தவர் என்னைப் பார்த்ததும் பின்சீட்டிலிருந்து இரண்டு தலையணைகளை எடுத்தார். ஒன்று அடியில், ஒன்று முதுகுக்கு. அப்படித்தான் லைசென்ஸ் வாங்கினேன்.

முதலில் வாங்கியது பழைய வண்டி. தலையணைக்குப் பதில் நானே இலவம்பஞ்சு அடைத்து, கெட்டி ஜீன்ஸ் துணியில் ஒரு மெத்தை தைத்துப் போட்டுக்கொண்டேன். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஒருநாள் வண்ணாங்குண்டு தாண்டி வருகிறேன், வேலிக்கருவைப் புதருக்குள்ளிருந்து ஆடுகள் திபுதிபுவென்று ரோட்டில் ஏறின. பிரேக்கை அழுத்தினேன். வண்டி நின்றது, மெத்தை நிற்கவில்லை. மெத்தையோடு நானும் முன்னால் வழுக்கிப் போனேன். இடுப்பில் இருக்க வேண்டிய பெல்ட் வயிற்றுக்கு ஏறிவிட்டது, குறுக்குப் பட்டி கழுத்தை அறுத்தது. ஆட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. எனக்கு இரண்டு நாள் வயிற்று வலி.

தையல்காரியாக இருப்பதால் அது ஏன் நடந்தது என்று எனக்கு உடனே புரிந்தது. சீட் பெல்ட்டின் கீழ்ப்பட்டி பேன்ட்டின் இடுப்புப் பட்டி மாதிரி எலும்பின் மேல் உட்கார வேண்டும். குறுக்குப் பட்டி தோள் தையலுக்கும் கழுத்துக்கும் நடுவே, காறை எலும்பின் மேல் போக வேண்டும். எலும்பு தாங்கும், குடல் தாங்காது. அடியில் மெத்தையைப் போட்டால் அது அமுங்கவும் செய்யும், நழுவவும் செய்யும், பட்டி இடம் மாறிவிடும். மெத்தையை அன்றைக்கே கடையில் காஜா எடுக்கும் பெண்ணின் நாற்காலிக்குக் கொடுத்துவிட்டேன். கழுத்தை அறுக்காமல் இருக்கப் பெல்ட்டை இழுத்துப் பிடித்துத் தளர்த்தி வைக்கும் கிளிப் ஒன்றும் விற்கிறார்கள். அதையும் வாங்கிப் பார்த்துத் தூக்கி எறிந்தேன். தளர்ந்த பெல்ட் மோதும்போது சரியாகப் பிடிக்காது.

அப்புறம் புது வண்டி பார்க்கக் கிளம்பினேன், கையில் இஞ்ச் டேப்போடு. ஷோரூமில் இருந்த தம்பி முதலில் சிரித்தார். மைலேஜ் சொன்னார், நிறம் சொன்னார், பாட்டுக் கேட்கும் வசதி சொன்னார். "சீட்டை மேலே ஏற்ற முடியுமா?" என்றேன். "அது டாப் வேரியன்ட்லதான் வரும் மேடம். இதுல ஒரு குஷன் போட்டுக்கலாம், எல்லாரும் அப்படித்தான் செய்றாங்க" என்றார். ஆடு குறுக்கே வந்த கதையைச் சொன்னேன். அவருக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. அவர் மேல் எனக்குக் கோபமும் இல்லை, எந்த வேரியன்ட்டில் எது வரும் என்று முடிவு செய்கிறவர் அவர் இல்லையே.

அந்த ஷோரூமிலேயே ஓட்டுகிற மாதிரி உட்கார்ந்து, ஸ்டியரிங் நடுவிலிருந்து என் நெஞ்செலும்பு வரை அளந்தேன். ஏழரை அங்குலம். கல்லூரியில் படிக்கிற என் மகள் அப்போதே செல்போனில் தேடி, குறைந்தது 10 அங்குலம், அதாவது 25 செ.மீ. இருக்க வேண்டும் என்று அமெரிக்க சாலைப் பாதுகாப்புத் துறை சொல்வதைக் காட்டினாள். காரணம் ஏர்பேக். வண்டி மோதும்போது அந்தக் காற்றுப்பை ஸ்டியரிங்குக்குள்ளிருந்து கண் இமைப்பதற்குள் வெடித்து விரியும். விரிந்து முடித்தபின் அதன் மேல் சாய்ந்தால் மெத்தை, விரிகிற பாதையிலேயே நெஞ்சு இருந்தால் உதை. 1990-களில் அந்த நாட்டில் சாதாரண மோதலிலேயே ஏர்பேக்கால் இறந்தவர்களில் ஸ்டியரிங்கை ஒட்டி உட்கார்ந்த குள்ளமான பெண்களும் இருந்தார்கள். அதன் பிறகுதான் ஏர்பேக் விரியும் வேகத்தைக் குறைத்தார்கள். நம் நாட்டில் ஓட்டுநர் பக்க ஏர்பேக் 2019 ஜூலை 1 முதல் கட்டாயம். நல்ல விஷயம். ஆனால் ஏர்பேக்கைக் கட்டாயமாக்கிவிட்டு, அதிலிருந்து தள்ளி உட்கார உதவும் சீட்டை மட்டும் விருப்பத்துக்கு விட்டால் எப்படி?

இன்னொன்றும் மகள்தான் சொன்னாள். 2023 அக்டோபர் முதல் பாரத் என்கேப் என்று நம் நாட்டிலேயே வண்டியை 64 கி.மீ. வேகத்தில் மோதவிட்டு, பாதுகாப்புக்கு நட்சத்திரம் கொடுக்கிறார்கள். நேர் மோதல் சோதனையில் முன் சீட் இரண்டிலும் உட்கார வைக்கும் பொம்மைகள் ஆண் அளவு, 175 செ.மீ. உயரம், 78 கிலோ. சின்னப் பெண் அளவு பொம்மை ஒன்றும் உலகத்தில் உண்டு. அதன் உயரம் 5 அடிக்கு ஓர் அங்குலம் குறைவு. அதைவிடவும் நான் இரண்டு அங்குலம் குட்டை. ஸ்வீடனில் 2022-ல் சராசரிப் பெண் அளவில் ஒரு பொம்மை செய்தார்களாம், 162 செ.மீ. அவளும் என்னைவிடக் கிட்டத்தட்ட ஏழு அங்குலம் உயரம். இதற்காக ஐந்து நட்சத்திரம் வீண் என்று சொல்ல மாட்டேன். கூடு கெட்டியாக இருந்தால் உள்ளே இருக்கிற எல்லாருக்கும் நல்லதுதான், நானும் நட்சத்திரம் பார்த்துத்தான் வாங்கினேன். ஆனால் அது ஃப்ரீ சைஸ் நைட்டி மாதிரி. எல்லாருக்கும் நுழையும், என் உடம்புக்கு வெட்டியது இல்லை.

"குள்ளமா இருந்தா பெரிய எஸ்யூவி வாங்கு, உசரத்துல உக்காரலாம்" என்றார் என் அண்ணன். இதைப் பலரும் சொல்வார்கள். வீட்டு வாசலில் சிவப்புப் பிளாஸ்டிக் குடத்தை வைத்துச் சோதித்தேன். வண்டி ஓட்டுகிற இடத்தில் உட்கார்ந்துகொண்டு, மகளைக் குடத்தைத் தள்ளித் தள்ளி வைக்கச் சொன்னேன், முழுக்க மறையாமல் வாய் விளிம்பாவது தெரியும் வரை. அண்ணனுடைய பெரிய வண்டியில் 18 அடி தள்ளிப் போன பிறகுதான் தெரிந்தது. என் பழைய சின்ன வண்டியில் 14 அடி. உறவுக்காரர் ஒருவரின் சின்ன வண்டியில் சீட்டை ஏற்றிப் பார்த்தபோது 11 அடி. சீட் உயரத்தோடு பானட்டும் உயர்ந்துவிட்டால் என்ன லாபம்? எங்கள் தெருவில் குடத்துக்குப் பதில் தவழும் குழந்தைதான் வரும். பின்னால் ரிவர்ஸ் சென்சார் கட்டாயம், முன்னால் அப்படி ஒன்றும் இல்லை.

உயரமான வண்டிக்கு எங்கள் கரையில் இன்னொரு சங்கடமும் உண்டு. ஆடி மாதக் கச்சான் காற்றில் பாம்பன் ரோடு பாலத்தில் ஏறிப் பாருங்கள். 2 கிலோமீட்டருக்கு மேல், இரு பக்கமும் கடல், ஒதுங்க ஒரு மரம் கிடையாது. அண்ணன் வண்டி அங்கே பக்கவாட்டில் தள்ளாடும். போதாக்குறைக்கு, ரயில் பாலத்தைப் பார்க்க வருகிறவர்கள் நடுவிலேயே வண்டியை நிறுத்திவிடுவார்கள். அந்த நெரிசலில் அரை மணி நேரம் கிளட்சை மிதித்து மிதித்து என் இடது கால் மரத்துப்போனது. என் காலுக்கு கிளட்ச் முழுசாக அமுங்க வேண்டுமென்றால் சீட் நுனிக்கு வந்தாக வேண்டும், நுனிக்கு வந்தால் நெஞ்சு ஸ்டியரிங்கில். அதனால்தான் கிளட்ச் மிதி இல்லாத, கியரைத் தானே மாற்றிக்கொள்ளும் ஏஎம்டி வண்டியாக எடுத்தேன். சீட்டை இரண்டு அங்குலம் பின்னால் தள்ள அது ஒன்றே போதுமாக இருந்தது. குள்ளமானவர்கள் பணம் கொஞ்சம் கூட வைத்திருந்தால் முதலில் இதற்குச் செலவழியுங்கள். சன்ரூஃப் எல்லாம் அப்புறம்.

எந்தக் கம்பெனி என்று சொல்லமாட்டேன், விளம்பரம் ஆகிவிடும். சீட் உயரும், ஸ்டியரிங் இறங்கும், கதவை ஒட்டிய தூணில் இருக்கும் பெல்ட் கொக்கியையும் கீழே இறக்கலாம். இந்த மூன்றுக்காக எனக்குத் தேவையில்லாத அலாய் வீலையும் டச் ஸ்கிரீனையும் சேர்த்து வாங்க வேண்டியதாயிற்று. பிரேக் முழுசாக அமுங்கும்போது முழங்கால் லேசாக மடங்கி இருக்கும்படி முதலில் சீட்டை நகர்த்துவேன். பிறகு சீட்டை உயர்த்துவேன். உயர்த்தினால் கால் கொஞ்சம் எட்டாமல் போகும், மறுபடி ஒரு பல் முன்னால். அடுத்து முதுகை லேசாகச் சாய்த்து, ஸ்டியரிங்கை முகத்துக்கு இல்லாமல் நெஞ்சுக்கு நேராக இறக்கி, கடைசியில் கண்ணாடிகளைத் திருப்புவேன். இப்போது டேப் பத்தரை அங்குலம் காட்டுகிறது. ஆறடி உயர மைத்துனர் ஊருக்கு வந்து வண்டியை எடுத்தால் எல்லாம் கலைந்துவிடும். அதற்காகச் சீட் தண்டவாளத்தில் மார்க்கிங் சாக்கால் கோடு போட்டு வைத்தேன். அது அழிந்ததும் சிவப்பு நூலைச் சுற்றிக் கட்டிவிட்டேன்.

தண்டவாளம் என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. அரிச்சல்முனைக்குப் போய் வந்த பிறகு மணல் அந்தப் பள்ளத்தில் சேர்ந்து, சீட் 'டிக்' என்று பூட்டாமல் பாதியில் நின்றிருந்தது. பிரேக் போட்டபோது சீட் நகர்ந்ததும்தான் தெரிந்தது. கடற்கரைக்குப் போனால் வீட்டில் வேக்குவம் கிளீனரோ பழைய பெயின்ட் பிரஷ்ஷோ எதுவோ போட்டுத் தட்டிவிட்டு, சீட்டை ஒருமுறை ஆட்டிப் பார்த்துவிட்டு ஓட்டுங்கள்.

தீராத குறை ஒன்றும் இருக்கிறது. சாயங்காலம் ராமநாதபுரம் பக்கமாக ஓட்டினால் வெயில் நேரே கண்ணில். உயரமானவர்கள் சன் வைசரை இறக்கினால் கண் மறையும், எனக்கு அது நெற்றிக்கு மேலேயே நின்றுவிடும். அதன் நுனியில் கறுப்புத் துணி ஒன்றைத் தைத்துத் தொங்கவிடலாமா என்று யோசித்தேன். ரோட்டையும் மறைக்குமே என்று விட்டுவிட்டேன். இப்போதைக்குக் கறுப்புக் கண்ணாடிதான்.

ஆசிரியர் அவர்களே, உங்கள் வாகனப் பக்கத்தில் ஒவ்வொரு வண்டிக்கும் இன்னும் மூன்று வரி சேர்த்துப் போடுங்கள். சீட் எத்தனை செ.மீ. உயரும், அது எந்த வேரியன்ட்டிலிருந்து வரும், 5 அடிக்குக் குறைவான ஒருவர் உட்கார்ந்தால் ஸ்டியரிங்குக்கும் நெஞ்சுக்கும் எத்தனை அங்குலம். நீங்கள் போட ஆரம்பித்தால் கம்பெனிக்காரர்களும் படிப்பார்கள், விலை குறைந்த வேரியன்ட்டிலும் சீட்டை உயர்த்தும் நெம்புகோலை வைப்பார்கள். 80 கிலோமீட்டரைத் தாண்டினால் கத்துகிற பீப்பை எல்லா வண்டியிலும் கட்டாயமாக்கிய அரசு, இதையும் கட்டாயமாக்க யோசிக்கலாம்.

உங்கள் நிருபர் எப்போதாவது புது வண்டியை ஓட்டிப் பார்க்க ராமேசுவரம் பக்கம் வந்தால் தகவல் சொல்லுங்கள். இஞ்ச் டேப்பும் சிவப்புக் குடமும் நான் கொண்டு வருகிறேன்.

இப்படிக்கு,
ஒரு தையல்கடைக்காரி,
பெரியபட்டினம், ராமநாதபுரம் மாவட்டம்