உப்லிஸ்த்சிகே குன்றில் பார்த்த தமிழ் எழுத்து

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வெளிநாட்டில் மருத்துவம் படிக்கப் போகும் பிள்ளைகளுக்காக நீங்கள் வெளியிட்ட வழிகாட்டிப் பக்கத்தைப் படித்தேன். கட்டணம், ஹாஸ்டல், குளிருக்கு என்ன எடுத்துப்போவது, சாப்பாட்டுக்கு என்ன செய்வது என்று எல்லாம் இருந்தது. அதில் இன்னொன்றும் சேர்க்க வேண்டும் என்று கேட்கத்தான் எழுதுகிறேன்.

நான் மாமல்லபுரத்தில் கல்வேலை செய்பவன். உளி பிடித்து 38 வருடம் ஆகிறது. மகள் ஜார்ஜியாவில், திபிலீசியில் நான்காம் ஆண்டு மருத்துவம் படிக்கிறாள். போன மே மாதம் நானும் மனைவியும் அவளைப் பார்க்கப் போயிருந்தோம். "அப்பா, உங்களுக்குன்னே ஒரு இடம் இருக்கு" என்று உப்லிஸ்த்சிகேவுக்குக் கூட்டிப்போனாள்.

கோரி என்ற ஊருக்குப் பக்கத்தில், குரா ஆற்றின் கரையில் இருக்கும் மணற்கல் குன்று அது. அந்தக் குன்றையே குடைந்து ஊராக்கி இருக்கிறார்கள். தெரு, மண்டபம், திராட்சை மிதிக்கும் தொட்டி, மழைத்தண்ணீர் ஓட வாய்க்கால், ஆற்றுப் பக்கம் இறங்கும் சுரங்கம் என்று எல்லாமே பாறையில் வெட்டியவை. கிறிஸ்து பிறப்பதற்கு முன்பே தொடங்கிய குடியிருப்பாம். அரேபியர் திபிலீசியைக் கையில் வைத்திருந்த காலத்தில்தான் இந்த ஊர் ரொம்பச் செழிப்பாக இருந்திருக்கிறது. 1122-இல் ஜார்ஜிய மன்னர் தாவீது திபிலீசியை மீட்டதும் இதன் மவுசு குறைந்தது. அப்புறம் மங்கோலியர் படை வந்தது. 1920 நிலநடுக்கத்தில் பல பகுதிகள் சரிந்துவிட்டன. உச்சியில் மட்டும், 1000 வருடத்துக்கு முன் கட்டிய ஒரு சர்ச் இன்னும் நிற்கிறது. காற்று அடித்த அடியில் மனைவி புடவைத் தலைப்பைக் கையில் பிடித்துக்கொண்டேதான் படியேறினாள்.

அந்த நாட்டை ஒரு காலத்தில் ஆண்ட தாமார் ராணியின் பெயரால் சொல்லப்படும் மண்டபத்துக்குள் போனதும் நான் அண்ணாந்து பார்த்தபடி நின்றுவிட்டேன். மேற்கூரை முழுக்க மரத்தடிகளை வரிசையாக அடுக்கிய மாதிரி இருந்தது, ஆனால் ஒரு துண்டு மரம் கிடையாது. உத்தரம் உத்தரமாகப் பாறையிலேயே செதுக்கி இருக்கிறார்கள். எங்கள் ஊர் திரௌபதி ரதத்தைப் பாருங்கள், கூரை வேய்ந்த குடிசையை அப்படியே கருங்கல்லில் வடித்திருப்பார்கள். இந்த இரண்டு ஊர்க் கைகளுக்கும் ஒருவரை ஒருவர் தெரியாது. ஆனாலும் மரத்தில் வீடு கட்டிப் பழகிய தச்சனின் பழக்கத்தை இருவருமே கல்லிலும் விடவில்லை. சுவரில் உளித்தடம் சாய்வாக, ஒரே அளவாக இறங்குகிறது. சில இடத்தில் தடம் திசை மாறுகிறது. அங்கே வேறு ஆள் வேலை செய்திருப்பான், அல்லது அதே ஆள் கை மாற்றிப் பிடித்திருப்பான். என் பட்டறையில் இன்றைக்கும் ஒரு தடத்தைப் பார்த்து யார் பொளிந்தது என்று சொல்லிவிடுவேன். அந்த ஆளை அங்கே நேரில் பார்த்தது போல இருந்தது.

வெளியே வந்து பக்கத்துக் குகைக்குள் நுழைந்தோம். வாசலை ஒட்டிய சுவரில் ஏதோ எழுதியிருந்தது. ஜார்ஜிய எழுத்தும் நம் எழுத்து மாதிரி வளைந்து வளைந்து இருக்கும். தூரத்திலிருந்து பார்த்தபோது அவர்கள் எழுத்து, பழைய கல்வெட்டு என்றே நினைத்து ஆசையாகக் கிட்டே போனேன். தமிழ். இனிஷியலோடு ஒரு பையன் பெயர், கீழே ஊர்ப் பெயர், வருடம். பெயரையும் ஊரையும் இங்கே எழுத எனக்கு மனம் வரவில்லை.

சாவியால் கீறியது அது. ஒரு 'க'வின் வளைவில் கல் உதிர்ந்து பள்ளமாகியிருந்தது. மற்ற சுவர் வெயிலும் காற்றும் பட்டுக் கறுத்திருக்க, கீறல் மட்டும் வெளுப்பாகத் தெரிந்தது. கட்டைவிரலால் மெதுவாகத் தடவினேன், மணல் பொடி விரலோடு ஒட்டிக்கொண்டு வந்தது. உடனே கையை எடுத்துவிட்டேன். தேய்த்து அழிக்கலாமா என்று ஒரு கணம் தோன்றியது உண்மைதான். ஆனால் மணற்கல்லில் எழுத்தை அழிப்பது என்றால் அந்த ஆழத்துக்குச் சுவரையே தேய்த்து எடுப்பது. அதன் பக்கத்திலேயே பழைய உளித்தடம் இருந்தது, அதுவும் சேர்ந்து போய்விடும். கருங்கல் நம் கையைத் தாங்கும். மணற்கல் தாங்காது, வீசுகிற காற்றுக்கே உதிர்கிற கல் அது.

வேறு மொழிகளிலும் கீறியிருந்தார்கள். சரி, நாம் மட்டுமா என்று கேட்கலாம். ஆனால் அந்தச் சுவரில் எனக்குப் படிக்க முடிந்த ஒன்று தமிழ்தான். மகள் "வாங்கப்பா போகலாம்" என்றாள். அவள் முகத்தை எங்களுக்குக் காட்டவில்லை.

நம் பிள்ளைகள் நிறைய பேர் அந்த நாட்டில் படிக்கிறார்கள். லீவு நாளில் நண்பர்களோடு இந்த மாதிரி இடங்களுக்குப் போகிறார்கள், போகத்தான் வேண்டும். அந்தப் பையனும் கெட்டவனாக இருக்க மாட்டான். வீட்டை விட்டு அவ்வளவு தூரம் போனவனுக்குத் தன் ஊர்ப் பெயரை எங்கேயாவது எழுதிப் பார்க்க ஆசை வந்திருக்கும். இது எப்படிப்பட்ட கல் என்று யாரும் அவனுக்குச் சொல்லவில்லை. நம் ஊர் மலைகளிலும் கோயில் தூண்களிலும் பெயரைக் கிறுக்கினால் கேட்பார் இல்லை, அந்தப் பழக்கத்தோடேயே விமானம் ஏறிவிட்டான்.

ஆகவே ஆசிரியர் அவர்களே, அடுத்த முறை அந்த வழிகாட்டிப் பக்கம் வரும்போது, குளிருக்கான ஸ்வெட்டர் பற்றி எழுதும் இடத்துக்குப் பக்கத்திலேயே இதற்கும் நாலு வரி ஒதுக்குங்கள். பிள்ளைகளை அனுப்பி வைக்கும் கன்சல்டன்சிக்காரர்களும் புறப்படும் முன் நடத்தும் கூட்டத்தில் சொல்லலாம். மகள் தன் கல்லூரித் தமிழ் மாணவர்களின் வாட்ஸ்அப் குழுவில் அந்த உத்தரக் கூரையின் படத்தைப் போட்டு, தொடாமல் பார்த்துவிட்டு வரும்படி எழுதியிருக்கிறாள். இதுவரை மூன்று பேர் எப்படிப் போவது என்று வழி கேட்டிருக்கிறார்களாம்.

இப்படிக்கு,
ஒரு கல்தச்சன்,
மாமல்லபுரம்.