உள்ளங்காலையும் ஒரு தடவை பாருங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். ஞாயிறு இணைப்பில் மச்சம், மரு, தோல் கட்டிகள் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். மச்சத்தின் இரு பாதியும் ஒத்திருக்கிறதா, ஓரம் நெளிந்திருக்கிறதா, பல நிறம் கலந்திருக்கிறதா, 6 மில்லிமீட்டரைத் தாண்டிவிட்டதா, மாறிக்கொண்டே வருகிறதா என்று தோல் புற்றுநோய்க்கான அறிகுறிகளைப் பார்க்கச் சொல்லியிருந்தீர்கள். சரியான விஷயம்தான். ஆனால் கூடவே போட்ட படங்கள் எல்லாம் வெள்ளைக்காரர்களின் முதுகும் தோளும். நமக்கு அது போதாது.

காங்கேயம் பக்கத்துக்காரி நான். அரசு மருத்துவமனையில் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றேன். மெலனோமா என்கிற தோல் புற்றுநோய் நம்மவர்களுக்கு அபூர்வம். வந்தால் பெரும்பாலும் வெயில் படாத உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடி இவற்றில்தான் வரும். பாடகர் பாப் மார்லிக்கு 1977-இல் கால் நகத்தடியில் இதுதான் கண்டுபிடிக்கப்பட்டது. 1981-இல், 36 வயதில் போய்விட்டார்.

நம் ஊரில் தோட்டங்காட்டில் செருப்பில்லாமல் நடக்கிறவர்கள் காலில் எது வந்தாலும் ஆணி என்று விட்டுவிடுகிறார்கள். கட்டுப்போடும் அறைக்கு வந்த ஒரு பெரியவர், "ஆணிதானுங்க அம்மிணி, பிளேடுல செதுக்கிட்டேன்" என்றார். குதிகாலில் மை கொட்டினாற்போல் கறுப்பு, ஓரம் எங்கே முடிகிறதென்றே தெரியவில்லை. நடுவில் சிவந்த சதை, பஞ்சு பட்டதுமே ரத்தம். ஆணி அப்படி இருக்காது. அழுத்தம் விழும் இடத்தில் கெட்டியாக இருக்கும், அழுத்தினால் வலிக்கும், கறுப்பு பரவாது. நகத்தில் அடிபட்ட ரத்தக்கட்டும் நகம் வளர வளர முன்னால் நகர்ந்து போய்விடும். பெருவிரல் என்றால் ஒரு வருடத்துக்கு மேலும் ஆகலாம். நகராமல் அகலமாகிற கறுப்புக் கோடும், நகத்தை ஒட்டிய தோலில் இறங்குகிற கறுப்பும் உடனே காட்ட வேண்டியவை.

இன்னொன்று பழைய தீக்காயத் தழும்பு. அடுப்பில் சுட்டு ஆறிய தழும்பில் 20, 30 வருடம் கழித்துக்கூடப் புற்று வரலாம். ஆறிய இடம் மறுபடி புண்ணாகி, ஓரம் தடித்து, நாற்றமடித்து, ஒரு மாதமாகியும் ஆறவில்லையென்றால் களிம்பு போட்டுக்கொண்டிருக்கக் கூடாது. ஆறாத நாள்பட்ட கால் புண்ணுக்கும் இதே கதைதான்.

எல்லாவற்றுக்கும் பயப்படவும் வேண்டாம். தோலுக்கடியில் மெத்தென்று, விரல் வைத்தால் நழுவுகிற, வருடக்கணக்கில் அப்படியே இருக்கிற உருண்டை பெரும்பாலும் கொழுப்புக் கட்டி. சட்டென்று பெரிதானால், கெட்டியானால், 5 சென்டிமீட்டரைத் தாண்டினால் மட்டும் காட்டுங்கள். கழுத்தில் தொங்கும் சின்ன மருக்களும் கெடுதல் இல்லை. நிறைய வந்தால் ஒரு தடவை சர்க்கரை பார்த்துக்கொள்வது நல்லது.

சந்தேகமான எதன் மேலும் சுண்ணாம்பும் சலவைச் சோடாவும் வைக்காதீர்கள், முடி கட்டி இறுக்காதீர்கள். டாக்டர் வெட்டி எடுத்தால், எடுத்த சதையை பயாப்சிக்கு, அதாவது நுண்ணோக்கியில் வைத்துப் பார்க்கும் சோதனைக்கு, அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். வெறும் கண்ணால் பார்த்து எத்தனை அனுபவசாலி சொன்னாலும் உறுதி அதில்தான் கிடைக்கும்.

அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீடு தேடி வந்து பிரஷரும் சர்க்கரையும் பார்க்கிறார்கள். நல்ல வேலை. அப்போதே பெரியவர்களின் காலைத் தூக்கி உள்ளங்காலையும் நகத்தையும் ஒரு நிமிடம் பார்க்க சுகாதாரத் துறை சொல்ல வேண்டும். நீங்களும் அடுத்த முறை நம் நிறத் தோலில் எடுத்த படங்களைப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர்,
காங்கேயம் வட்டம், திருப்பூர் மாவட்டம்