உமரியைக் களை என்று வழித்துப் போடாதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

போன மாதம் மணக்குடிக் காயல் பக்கம் நடந்து போனபோது, இளைஞர்கள் கொஞ்சம் பேர் முட்டளவு சேற்றில் நின்று கண்டல் என்கிற அலையாத்திக் கன்று நட்டுக்கொண்டிருந்தார்கள். பார்க்க மனசுக்கு நிறைவாக இருந்தது. அப்புறம்தான் கரைமேட்டைப் பார்த்தேன். கன்றுக்கு இடம் வேண்டும் என்று, அங்கே படர்ந்து கிடந்த உமரி என்கிற உப்புநிலச் செடியை மண்வெட்டியால் வழித்துக் குவித்துப் போட்டிருந்தார்கள். கேட்டதற்கு, “அது களைதானே சார்” என்றார் ஒரு தம்பி. அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்தச் செடி என்ன செய்கிறது என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை. முப்பது வருடம் தாவரவியல் சொல்லிக்கொடுத்த நான் சொல்லாமல் இருக்கக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

உப்பு ஒரு செடியை இரண்டு விதத்தில் வதைக்கும். கருவாடு போடுவதைப் பார்த்தவர்களுக்கு முதலாவது சட்டென்று புரியும். மீனைக் கீறி உப்பு அடைத்து வைத்தால், கொஞ்ச நேரத்தில் தண்ணீர் கசிந்து வடியும் அல்லவா? உப்பு மண்ணில் நிற்கும் வேருக்கும் அதே கதிதான். சுற்றிலும் தண்ணீர் இருந்தும் குடிக்க முடியாது. இரண்டாவது, சோடியம். அது செல்லுக்குள் புகுந்து பொட்டாசியத்தின் இடத்தில் உட்கார்ந்துவிட்டால் நொதிகள் வேலை செய்யாது. உப்பேறிய வயலில் நெல்லின் இலைநுனி கருகுவதைப் பார்த்திருப்பீர்கள். கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. அதில் பத்தில் ஒரு பங்கு வயலுக்குள் வந்தாலே நெல் விளைச்சல் விழுந்துவிடும்.

உமரி இதை எப்படித் தாங்குகிறது? உப்பை அது ஒதுக்குவதில்லை. உள்ளே வாங்கி, இலைச் செல்லில் இருக்கும் வாக்குவோல் என்கிற பைக்குள் பூட்டி வைக்கிறது. செல்லின் மற்ற பாகம் கெடாமல் இருக்க, கிளைசின் பீட்டைன் போன்ற தீங்கில்லாத பொருள்களைத் தானே தயாரித்து அங்கே நிரப்பிக்கொள்கிறது. இப்போது மண்ணைவிடச் செடிக்குள்தான் கரைந்த பொருள்களின் அடர்த்தி அதிகம், அதனால் தண்ணீர் வேர் வழியாக உள்ளே வருகிறது. இலை உருண்டு திரண்டு இருப்பது அந்தத் தண்ணீரால்தான். ஒரு இலையை விரலிடுக்கில் நசுக்கிப் பாருங்கள், பொளுக்கென்று நீர் வரும். நாக்கில் வைத்தால் கரிக்கும். என் பாட்டி உமரிக்கீரையை அவித்து, அந்தத் தண்ணீரை வடித்துக் கொட்டிவிட்டுத்தான் தாளிப்பார். கறிக்கு உப்பே போடமாட்டார்.

வெண்கண்டல் மரத்துக்கு வேறு வழி. அதன் இலையில் உப்புச் சுரப்பிகள் இருக்கின்றன. வெயில் ஏறிய நேரத்தில் ஒரு இலையைத் திருப்பிப் பார்த்தால் பொடிப்பொடியாக வெள்ளை மின்னும். லென்ஸ் வைத்துப் பார்த்தால் கனசதுரமான உப்புக் கற்கள் தெரியும். என் மாணவர்கள் எத்தனையோ பேர் அதை நக்கிப் பார்த்துவிட்டு முகம் சுளித்திருக்கிறார்கள், ஆனால் ஒருவர்கூட அந்தப் பாடத்தை மறந்ததில்லை. சுரபுன்னை என்கிற இன்னொரு கண்டலோ வாசலிலேயே தடுத்துவிடும். உப்பில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் வேரைத் தாண்டி உள்ளே போகாது.

இதை இவ்வளவு விரித்துச் சொல்லக் காரணம் உண்டு. உப்பைத் தாங்கும் செடி என்றால் எந்த உப்பையும், எந்த இடத்திலும் தாங்கும் என்று நினைத்துவிடுகிறோம். நானும் அப்படித்தான் நினைத்தேன். 2004 டிசம்பர் 26 அன்று மணக்குடிப் பாலத்தையே அலை தூக்கிப் போட்ட பிறகு, கண்டல் நடுவதில் எல்லோருக்கும் ஒரு வேகம் வந்தது. நானும் மாணவர்களைக் கூட்டிக்கொண்டு போய், முருங்கைக்காய் மாதிரி நீண்ட சுரபுன்னை நாற்றுக்களை வரிசை வரிசையாக நட்டேன். நட்ட இடம் கடல் ஏற்றத் தண்ணீர் எப்போதாவது மட்டும் தொடும் மேடு. கோடையில் ஈரம் காய்ந்து மண்மேல் உப்பு வெள்ளையாகப் பூத்தது. கடலைவிட அதிக உப்பு. ஒரு நாற்றுகூடத் தேறவில்லை. குழந்தைகள் ஒவ்வொரு வாரமும் போய்ப் பார்த்துவிட்டுத் தலைகுனிந்து திரும்பியது இன்னும் கண்ணில் நிற்கிறது. இரண்டு மழை கழிந்து அதே மேட்டில் உமரி தானாக வந்து பரவியது. அதன் நிழலில் மண் ஈரம் காத்தது. தண்ணீர் கொண்டுவந்த வெண்கண்டல் விதைகள் அந்தப் பின்னலில் சிக்கி முளைவிட்டிருந்ததை நானே பார்த்தேன். இப்போது வழித்துப் போடுவது அப்படிப்பட்ட உமரியைத்தான்.

இன்னொன்று. உப்பைச் சமாளிப்பது செடிக்குப் பெரிய செலவு. வளர வேண்டிய சக்தி அதில் போய்விடும். கண்டல் மரங்கள் பலவும் கடல்நீரில் பாதி உப்போ அதற்கும் குறைவாகவோ உள்ள நீரில்தான் செழித்து வளரும். பழையாற்றுத் தண்ணீர் வந்து சேர்ந்தால்தான் மணக்குடிக் கண்டலுக்கு அந்தக் கலப்பு கிடைக்கும். ஆறு கடலில் சேரும் பொழிமுகம் மணலால் அடைபட்டுத் தண்ணீர் நாள்கணக்கில் தேங்கினால், சேற்றுக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் மூச்சு வேர்கள் மூழ்கி மரம் மூச்சுத் திணறும். கன்று நடுகிற அன்று கேமராவோடு வருகிறவர்கள், ஆற்றில் தண்ணீர் வருகிறதா, பொழி திறந்திருக்கிறதா என்றும் ஒரு கண் பார்க்கலாம்.

கடல் பக்கத்து மணலிலும் இதே கதைதான் நடக்கிறது. கடற்கரையைச் சுத்தம் செய்கிறோம் என்று பிளாஸ்டிக்கோடு அடும்புக்கொடியையும் இராவணன் மீசைப் புல்லையும் சேர்த்துப் பிடுங்குகிறார்கள். உப்புக் காற்றையும் சுடுமணலையும் தாங்கி, கணுவுக்குக் கணு வேர்விட்டு மணலைப் பிடித்து வைத்திருப்பவை அவைதான். நெய்தல் நிலத்தைப் பாடிய சங்கப் புலவர்களுக்கு அடும்பின் பூ தெரிந்திருந்தது. நம் பிள்ளைகளுக்குக் குப்பையாகத் தெரிகிறது.

கன்று நடும் அமைப்புகளுக்கும் துறையினருக்கும் என் வேண்டுகோள் இதுதான். நடுவதற்கு முன் ஒரு சாதாரண நாளின் கடல் ஏற்றத்தைக் கரையில் நின்று பாருங்கள். தண்ணீர் எங்கே வரை ஏறுகிறதோ அங்கே குச்சி ஊன்றுங்கள். அதற்குக் கீழே கண்டல் நடுங்கள், மேலே உமரியைத் தொடாதீர்கள். பள்ளிப் பிள்ளைகளை அழைத்து வருவதாக இருந்தால் எனக்கும் தகவல் சொல்லுங்கள். என் கைலென்ஸ் இன்னும் பத்திரமாக இருக்கிறது, வந்து காட்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தாவரவியல் ஆசிரியர் ஒருவர்,
மணக்குடி, கன்னியாகுமரி மாவட்டம்.