தணிக்கைக்கு எந்தக் கூப்பு என்று தீர்மானிப்பது யார்?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

நீலகிரிக் காடுகளில் சீகை (வாட்டில்) என்னும் அயல் மரத்தை வெட்டிய இடங்களைச் சுற்றுச்சூழல் தணிக்கைக் குழு பார்வையிட்டதாகவும், தேர்ந்தெடுத்த இடங்களில் விதிமீறல் எதுவும் இல்லை என்றும் சென்ற வாரம் தங்கள் மாவட்டப் பக்கத்தில் செய்தி வந்திருந்தது. அந்த இடங்களைத் தேர்ந்தெடுத்தது யார் என்பதற்கு ஒரு வரிகூட இல்லை. நெடுங்காலமாகத் தங்கள் நாளிதழை வாசிப்பவன் என்ற உரிமையில் எழுதுகிறேன். மனம் ஆறவில்லை.

இளவயதில் குந்தாப் பக்கத்துக் கூப்புகளில், அதாவது மரம் வெட்டக் குறித்துக் கொடுக்கும் காட்டுப் பகுதிகளில், ஓர் ஒப்பந்தக்காரரிடம் கணக்கெழுதியவன் நான். மரத்தின் சுற்றளவை அளந்து நோட்டில் ஏற்றுவதும், வெட்ட அனுமதித்த மரம் என்பதற்கு அடையாளமாக அடிக்கட்டையில் எண் அடித்திருக்கிறதா என்று பார்ப்பதும் என் வேலை. ஆய்வுக்கு ஆள் வருகிறார்கள் என்றால் முதல் நாளே மேஸ்திரிக்குத் தகவல் வந்துவிடும். எந்தக் கூப்புக்கு வருகிறார்கள் என்பதும் சேர்ந்தே வரும். அது ஜீப் போகிற சாலையோரத்துக் கூப்பாகத்தான் இருக்கும். கழித்த கிளைகளை அடுக்கி வைப்பார்கள், மரம் இழுத்த தடத்தில் மண் தள்ளிச் சமன் செய்வார்கள். அதே நேரத்தில் கீழே செங்குத்துச் சரிவில், ஓடைக்கரையிலேயே மரம் விழுந்துகொண்டிருக்கும். அங்கே அடிக்கட்டைகளில் எண் கிடையாது. இழுத்த தடம் அடுத்த மழையில் முழங்கால் ஆழத்துக்கு அரித்துப்போய், ஓடைத் தண்ணீர் செம்மண்ணாக இறங்கும். அந்தப் பள்ளம் எந்த அறிக்கையிலும் ஏறியதில்லை.

அது அந்தக் காலம், இப்போது எல்லாம் மாறிவிட்டது என்பார்கள். சென்ற மழைக்குப் பிறகு, சீகையை முற்றிலும் அகற்றிவிட்டதாகச் சொல்லப்பட்ட ஒரு சரிவுக்கு ஊர்க்காரர்களோடு போய்ப் பார்த்தேன். நாற்றங்கால் போல அடர்ந்து சீகைக் கன்றுகள் முளைத்திருந்தன. சீகை விதை மண்ணுக்குள் ஐம்பது ஆண்டு வரைகூட உயிரோடு கிடக்கும். மண்ணைக் கிளறினாலோ தீ பட்டாலோ மொத்தமாக முளைத்து வரும். முதுமலைப் பக்கத்தில் பரவிய இன்னோர் அயல் மரமான மஞ்சக்கொன்றையும் லேசில் போகாது. அடியோடு வெட்டினால் கட்டையிலிருந்து பல கிளையாகத் துளிர்க்கும். ஆகவே, வெட்டிய மறுமாதமே தணிக்கைக்குப் போனால் சுத்தமான தரைதான் கண்ணில் படும். இரண்டு பருவமழை கழிந்த இடத்துக்குப் போனால்தான் உண்மை தெரியும். எந்த இடம் என்பதைப் போலவே, வெட்டி எத்தனை ஆண்டான இடம் என்பதும் தேர்வில் வர வேண்டும். இதைக்கூட யோசிக்காமல் ஒரு குழு மலையேறி வந்து போகிறது என்றால், எதற்காக வருகிறார்கள்?

இந்த மலைக்கு நடந்ததெல்லாம் தங்களுக்குத் தெரியாததல்ல. ஆஸ்திரேலியாவிலிருந்து வெள்ளைக்காரர் கொண்டுவந்த சீகையையும் கற்பூர மரம் என்று நாங்கள் சொல்லும் யூகலிப்டஸையும், சுதந்திரத்துக்குப் பிறகு நம்மவர்களே புல்வெளிகளின் மேல் பரப்பினார்கள். வெறும் புல்தானே என்றார்கள். மழையைப் பிடித்து வைத்து ஓடைகளுக்குக் கொடுத்தது அந்தப் புல்தான் என்று எங்கள் பெரியவர்கள் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. இப்போது அதே மரத்தை அகற்றுவதற்குத் திட்டம், அதற்கு ஒரு தணிக்கை. ஒரு கட்டு விறகு எடுத்த கிழவிக்கு அபராதம் போட்ட காட்டிலிருந்து லாரி லாரியாக மரம் இறங்குகிறது. எங்கெங்கே எவ்வளவு பரப்பில் வெட்டினீர்கள் என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டேன். நேரில் வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று பதில் வந்தது. போனபோது பொறுப்பானவர் இல்லை என்றார்கள்.

நாட்டின் காடுகளுக்கெல்லாம் காவலாக நிற்கும் கோதவர்மன் வழக்கு எங்கள் கூடலூர்க் காட்டிலிருந்துதானே கிளம்பியது? ஒப்புதல் பெற்ற செயல்திட்டம் இல்லாமல் காட்டில் மரம் வெட்டக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பர் 12 அன்று சொன்னது. செயல்திட்டம் என்று ஒன்று இருந்தால் எங்கே, எப்போது, எவ்வளவு என்ற பட்டியலும் இருந்தாக வேண்டும். அந்தப் பட்டியல் முழுவதையும் வைத்துக்கொண்டு குலுக்கல் போட என்ன தடை? உத்திரமேரூரில் ஆயிரம் ஆண்டுக்கு முன்பே ஊர்ச் சபைக்கு ஆள் தேர்ந்தெடுக்க, பெயர் எழுதிய ஓலை நறுக்குகளைக் குடத்தில் போட்டு, விவரம் அறியாத ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்தவர்கள் நாம். செங்குத்துச் சரிவு, ஓடைக்கரை, சாலைக்கு எட்டாத இடம் என்று வகை பிரித்து, ஆபத்தான வகையில் கூடுதலாகக் குலுக்கி எடுக்கட்டும். ஊர்க்காரர்கள் புகார் சொன்ன இடங்களையும் பார்க்கட்டும். ஆனால் அவற்றைத் தனியாக எழுதட்டும். இரண்டையும் கலந்து சதவீதம் போட்டால் அந்தக் கணக்கு யாருக்கும் உதவாது.

நூறு நாள் வேலைக்கு 2005இல் சட்டம் வந்தபோதே, அதன் 17ஆம் பிரிவில் கிராம சபைக்குச் சமூகத் தணிக்கை உரிமையை எழுதி வைத்தார்கள். அந்த வேலையில் கட்டிய ஓர் ஓடைக்கரைத் தடுப்பணையைப் பற்றி ஊர் கேட்க முடிந்த கேள்வி, அந்த ஓடை பிறக்கும் காட்டுக்கு இல்லையா? 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை கொட்டிய இரவில் சரிவுகளின் கீழே படுத்திருந்தவர்கள் நாங்கள். எந்தச் சரிவைப் பார்க்கிறார்கள், எதைப் பார்க்காமல் விடுகிறார்கள் என்பது எங்களுக்கு உயிர்ப் பிரச்சினை.

தங்களிடம் கேட்பது அதிகமில்லை. அடுத்த முறை இப்படி ஒரு செய்தி வரும்போது, மொத்தம் எத்தனை இடங்களில் வெட்டினார்கள், அவற்றில் எத்தனை இடங்களைப் பார்த்தார்கள், அவற்றைக் குறித்துக் கொடுத்தது யார் என்ற மூன்று கேள்விகளையும் தங்கள் நிருபர் கேட்டு, கிடைக்கும் பதிலை அப்படியே அச்சிட வேண்டும். பதில் கிடைக்கவில்லை என்றால் அதையும் அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
பழைய வாசகர் ஒருவர்,
குந்தா வட்டம், நீலகிரி மாவட்டம்.