நடக்க இயலாதவரின் எடையும் கவனிக்கப்படட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உடல் பருமனுக்காக அறுவை சிகிச்சை செய்துகொண்ட பலருக்கு, முதல் 2 ஆண்டுகளுக்குள் வெகுவாகக் குறைந்த எடையில் ஒரு பகுதி பின்னர் மெல்லத் திரும்புகிறது. சுருக்கப்பட்ட இரைப்பை காலப்போக்கில் சற்று விரிவதும், பசியைத் தூண்டும் ஹார்மோன்கள் மீண்டும் கூடுவதும், கொழுப்போடு தசையும் கரைந்ததால் உடல் செலவிடும் ஆற்றல் குறைவதும் இதற்குக் காரணங்களாக இருக்க, பழி என்னவோ நோயாளியின் மனவுறுதி மீதே விழுகிறது.

இப்படி எடை திரும்பியவர்களில், மூட்டுத் தேய்மானத்தாலோ பக்கவாதத்தாலோ முடங்கியிருப்பவரிடம் 'தினமும் நடங்கள்' என்று சொல்லி அனுப்புவதை நான் ஆலோசனையாகவே கருதவில்லை. நாற்காலியில் அமர்ந்தபடி ரப்பர் பட்டையை இழுத்துச் செய்யும் பயிற்சிகளையும், மூட்டின் சுமையைக் குறைக்கும் நீர்ப் பயிற்சிகளையும் இயன்முறை மருத்துவர் அவரவர் நிலைக்கேற்ப வகுத்துத் தரலாம். இவை தசையைக் காக்கும். எடையைக் குறைப்பதில் பெரும்பங்கு உணவுக்கே உண்டு. இந்த அறுவை சிகிச்சை செய்துகொண்டவருக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 60 கிராம் புரதம் (சிறுநீரக நோயாளிகளுக்கு அளவு மாறும்) தேவைப்படும்போது, வயிற்றில் தங்காமல் இறங்கிவிடும் இனிப்புப் பானங்கள் அந்த இடத்தைப் பிடித்துக்கொள்கின்றன. ஸ்டீராய்டு, இன்சுலின், சில மனநல மருந்துகள் ஆகியனவும் எடையைக் கூட்டக்கூடும் என்பதால், அவற்றைத் தாமாக நிறுத்தாமல் மருத்துவரிடம் மறுபரிசீலனை கோர வேண்டும்.

அறுவை சிகிச்சை மையங்கள் ஆயுள் முழுவதும் தொடர்கவனிப்பு அளிப்பதோடு, நிற்க இயலாதவரைச் சக்கர நாற்காலியோடு எடை பார்க்கும் கருவியையாவது வைத்திருக்க வேண்டும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்