செயலாளரின் ஆண்டறிக்கை: போட்டோமாக் கால்வாய் நடையும் பிறவும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர் குடும்பங்களுக்கும் வணக்கம்.

பொங்கல் விழாவும் கோடை விருந்தும் வழக்கம்போல் நடந்தேறின. படங்களை எல்லோரும் பார்த்தாகிவிட்டது. போட்டோமாக் கால்வாயின் இடிபாடுகளைப் பார்க்கப் புதிதாகத் தொடங்கிய வரலாற்று நடையைப் பற்றித்தான் விரிவாகச் சொல்ல வேண்டும். “அருவி பார்க்க வந்தால் கற்குழியைக் காட்டுகிறீர்களே” என்று சிலர் அலுத்துக்கொண்டார்கள். அவர்களுக்கும் சேர்த்தே இது.

வெர்ஜீனியாவின் கிரேட் ஃபால்ஸில் போட்டோமாக் ஆறு ஒரு மைலுக்குள் ஏறத்தாழ 76 அடி இறங்குகிறது. படகு பிழைக்காது. 1785இல் ஜார்ஜ் வாஷிங்டன் தலைமையில் தொடங்கிய போட்டோமாக் கம்பெனி, அருவியைச் சுற்றிக் கால்வாய் வெட்டி, 5 நீர்ப்பூட்டுகளைக் கட்டியது. படகு உள்ளே வந்ததும் பின்கதவை அடைத்து, நீரை வடித்து, மட்டம் இறங்கிய பிறகு முன்கதவைத் திறப்பார்கள். இப்படிப் படிப்படியாக இறக்கம். கீழ்ப்பூட்டுகளுக்காக வெடிமருந்து வைத்துப் பாறையையே பிளந்திருக்கிறார்கள். 1802இல் பூட்டுகள் திறந்தபோது வாஷிங்டன் உயிரோடு இல்லை.

வெட்டியவர்கள் கூலியாட்கள், ஒப்பந்தத்தில் கட்டுண்ட வேலையாட்கள், உடைமையாளர்களிடம் வாடகைக்கு எடுக்கப்பட்ட கறுப்பின அடிமைகள். தப்பியோடிப் பிடிபட்ட ஒப்பந்த ஆட்களுக்குத் தலையோடு புருவத்தையும் மழிக்கச் சொன்னது கம்பெனி. எங்கு போனாலும் எளிதில் அடையாளம் தெரியும் அல்லவா! வாஷிங்டன் பெயரை அறியாதவர் இல்லை. இவர்கள் பெயரைச் சொல்ல ஆளில்லை. பூட்டுச் சுவரின் செம்மணற்கற்களில் கல்தச்சர்கள் உளியால் கொத்திய சிறு குறிகள் இன்றும் இருக்கின்றன. ஒவ்வொரு தச்சருக்கும் ஒரு தனிக்குறி. பெரியவர்கள் அருவிப் பக்கம் நழுவியபோது பிள்ளைகள்தான் குனிந்து குனிந்து அவற்றைத் தேடினார்கள்.

மாவு, விஸ்கி, புகையிலை, இரும்பு எல்லாம் இவ்வழியே ஆற்றின் கீழ்ப்பகுதியிலுள்ள ஜார்ஜ்டவுன் துறைமுகத்துக்குப் போயின. எதிர்நீச்சலுக்கு அஞ்சிப் பல படகுகளை அங்கேயே பிரித்து மரமாக விற்றுவிட்டு, படகோட்டிகள் நடந்தே ஊர் திரும்பினார்கள். ஆனால் ஆற்றில் படகோட்டத் தோதான நீர் ஆண்டில் ஓரிரு மாதமே இருந்தது. மற்ற நாட்களில் வெள்ளம் அல்லது வறட்சி. வருமானத்துக்கு எங்கே போவது? 1828இல் சொத்தெல்லாம் செசபீக் ஒஹாயோ கால்வாய்க் கம்பெனிக்குப் போனது. புதுக் கால்வாய் மேரிலாந்துக் கரையில் எழ, 1830இல் பூட்டுகள் கைவிடப்பட்டன. கால்வாயை நம்பி, வெர்ஜீனியா ஆளுநராகவும் இருந்த ஹென்றி லீ தன் மனைவி பெயரில் உருவாக்கிய மட்டில்டாவில் ஊரும் இடிபாடாகிவிட்டது. லீ பின்னாளில் கடனுக்காகச் சிறை சென்றதைத் தனிக்கதையாக இன்னொரு நாள் சொல்கிறேன்.

1982இல் இவ்விடம் தேசிய வரலாற்றுச் சின்னமானது. தேசியப் பூங்காத் துறை பராமரிக்கிறது. மீண்டும் நீர் விட்டுக் கதவு மாட்டினால் என்ன என்று ஓர் உறுப்பினர் கேட்டார். எனக்கு உடன்பாடில்லை. புதுக்கதவு மாட்டினால் அது காட்சிப்பொருள். இப்போது இருப்பதுதான் சான்று. சுவர்மீது ஏறாமல் இருப்பதே நம்மால் ஆன உதவி.

அடுத்த ஆண்டு மேரிலாந்துக் கரைக்குப் போகத் திட்டம். நுழைவுக் கட்டணம் வண்டிக்கு வண்டி என்பதால் ஒரே காரில் சேர்ந்து வாருங்கள். வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். சந்தா பாக்கி வைத்திருப்பவர்கள் கலைவதற்குள் அவரைச் சந்திக்கவும்.

செயலாளர்